கதொவாகி சானின் குட்டை கியர் ராடு

கதொவாகி நோரிகோவின் கார் மேட்டில் பின்னால் உருண்டது.

இதை எழுதும்போது இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. குராயோஷி நகரத்தில் நான் வேலை பார்க்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே பெரிய கண்ணாடிச் சன்னல். அதற்கு அந்தப் பக்கம் பயிற்சித் தடம். தடத்தின் நடுவில் மண் கொட்டித் தார் போட்ட ஒரு மேடு. ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் போகாமல் வண்டியை எடுக்கப் பழகுவதற்காகவே அதைக் கட்டியிருக்கிறார்கள். மாணவர்கள் அங்கே தினமும் உருளுவார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உருண்ட காரின் ஓட்டுநர் இருக்கையில் மாணவர் இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த மேட்டில் மற்றவர்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்த கதொவாகி சான் இருந்தார்.

நான் கையில் இருந்த தேநீரை விசைப்பலகை மேல் கொட்டிவிட்டேன்.

‘சான்’ என்று மரியாதை சேர்த்தே நாங்கள் கூப்பிடும் கதொவாகிக்கு ஐம்பத்தொரு வயது. தனியாக வாழும் பெண். ஆற்றோரத்தில் இரண்டு அறை வீடு. மதியம் இரண்டு சோற்று உருண்டைகளைத் தன் காரில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சரியாக ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே வருவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வண்டியை எடுக்கும் முன் வலம், இடம், கண்ணாடி என்று விரலை நீட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. அவர் நகலெடுத்த தாள்களோடு நடைவழியைக் கடக்கும்போதுகூட வலமும் இடமும் விரலை நீட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது வேடிக்கை இல்லை.

அவருடைய பெருமை எல்லாம் இடது கையில் இருந்தது. இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டும் உரிமத்தோடு போய்விடுகிறார்கள். கியர் போட்டு ஓட்டப் பழக வரும் சிலரை நேராகக் கதொவாகி சானிடம் அனுப்புவோம். அவர் கியர் மாற்றுவது நான்கு எண்ணிக்கை. ஒன்றுக்குக் கிளட்சை மிதிப்பது, இரண்டுக்கு ராடை நடுவுக்குக் கொண்டுவருவது, மூன்றுக்கு கியரில் தள்ளுவது, நான்குக்குக் கிளட்சை விடுவது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மற்ற பயிற்சியாளர்கள் கார் கிளம்பும் சத்தத்தைக் கேட்டே, உள்ளே ஓட்டிக் காட்டுவது அவர்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர் வைத்திருந்த சொந்தக் கார், கூரையை மடித்துப் பின்னால் தள்ளக்கூடிய இரண்டே இருக்கை கொண்ட பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் திகைப்பு அதுதான். இரண்டாவது திகைப்பு, அவர் அதை ஓட்டும் விதம். இருபத்திரண்டு வருடமாக அந்தக் காரையும் நான்கு எண்ணியே ஓட்டினார். பயிற்சியாளர்களில் இளையவரான மித்சுதா ஒருமுறை அதில் ஏறிப் போய் வந்து, முகம் வெளுத்து என் மேசைக்கு வந்தார்.

“அந்தக் காரு அழுவுது. குதிரைய வாங்கி வீட்டு வாசல்ல நாய்க்குட்டி மாதிரி கட்டிப் போட்டிருக்காங்க” என்றார்.

போன பிப்ரவரியில் கதொவாகி சான் நகலெடுக்கக் கொடுத்த ஒரு தாள் என்னை மறுபடி திகைக்க வைத்தது. அது எங்கள் தேர்வு மதிப்பெண் தாள். எல்லோருக்கும் நூறில் தொடங்கும். ஒவ்வொரு தவறுக்கும் புள்ளி கழியும். எழுபதுக்குக் கீழே போனால் தோல்வி. ஆனால் மாணவர் பெயர் எழுதும் இடத்தில், கார் பாகங்கள் விற்கும் ஒரு கடையின் பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. தவறான தாளைத் தந்துவிட்டார் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“இல்லம்மா, சரியான தாள்தான். கியர் ராடு. என் காருக்கு” என்றார். காது சிவந்திருந்தது.

கடைகளில் அதற்கு ஷார்ட் ஷிஃப்டர் என்று பெயர். நாங்கள் குட்டை ராடு என்போம். ராடு எந்த இடத்தில் ஊன்றித் திரும்புகிறதோ அந்த இடத்தை மேலே தள்ளி வைத்தால், கை கொஞ்சம் அசைந்தாலே கியர் விழும். அசைவு குறைகிற அளவுக்குக் கை கொடுக்க வேண்டிய அழுத்தம் கூடும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு கதொவாகி சான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு அதிகாலைகளில் தைசென் மலையடிவாரத்து வாகன நிறுத்தத்தில் அதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் கூடுவார்கள். அங்கே போய், அனுமதி கேட்டு, நிறுத்திய கார்களில் உட்கார்ந்து ராடை மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டு வந்து தாளில் புள்ளி கழித்தார். முதலாவது, ராடின் மேல்பாதியை வெட்டியது போன்ற மலிவுச் சரக்கு. கை அதைத் தேடிக் குனிய வேண்டியிருந்தது, இருபது புள்ளி போயிற்று. குமிழின் மேல் கியர் எண்கள் இல்லை. அவை இல்லாவிட்டால் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் அரசாங்கச் சோதனையில் வண்டி தேறாது, அதற்கு முப்பது. ஐம்பதில் தோற்றது. இரண்டாவதில் அசைவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஆனால் இரும்பும் இரும்பும் நேராக உரசி, கியர் பெட்டியின் இரைச்சல் முழுவதும் உள்ளங்கை வழியே ஏறியது. பனிக்காலக் காலையில் இரண்டாவது கியர் விழ மறுக்கும் என்று அதன் சொந்தக்காரரே ஒப்புக்கொண்டார். அறுபத்தைந்து, அதுவும் தோல்வி. மூன்றாவது, அசைவை மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைத்தது. நடுவில் ரப்பர் வளையம் இருந்தது. எண்பத்தைந்து. ‘தேர்ச்சி’ என்று எழுதித் தன் பெயர் முத்திரையையும் குத்தியிருந்தார்.

மித்சுதா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “பரீட்சை எழுதின மொத ராடு இதுதான் போல. உரிமம் எப்பக் குடுப்பீங்க?” என்றார்.

“மாட்டினப்புறம்” என்றார் கதொவாகி சான், கிண்டலைக் கவனிக்காமல்.

செப்டம்பர் கடைசி வாரம் ஒரு பட்டறையில் அதை மாட்டினார்கள். மூன்றாம் நாள் மழை. என்னை ரயில் நிலையத்தில் இறக்கி விடுவதாகச் சொன்னார். பள்ளி வாசலில் வழக்கம் போல வலம் பார்த்தார், இடம் பார்த்தார், விரலை நீட்டினார். பிறகு நடந்தது எனக்குச் சரியாகப் புரியவில்லை. அவர் மணிக்கட்டு மட்டும் ஒரு தடவை சொடுக்கியது. டக். அடுத்ததும் அப்படியே. முதுகு இருக்கையில் அழுந்தியது. வேகம் சட்டத்துக்குள்தான் இருந்தது, வேகமானியைப் பார்த்தேன். ஆனாலும் அதுவரை நான் ஏறிய கார் அது இல்லை. திரும்பிப் பார்த்தால் கதொவாகி சான் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல்வரிசையை நான் அன்றுதான் பார்த்தேன். பயந்துபோய், ரயில் நிலையம் வரை கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டே போனேன்.

ராடை மாட்டிய பத்தொன்பதாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை.

மாணவி இகுதா ஹிசயே. முப்பத்தெட்டு வயது. பேரிக்காய்த் தோட்டத்துக்காரரைக் கட்டிக்கொண்டவர். தோட்டத்து மினி லாரி கியர் வண்டி என்பதால், தன் ஆட்டோமேட்டிக் உரிமத்தை மாற்ற வந்திருந்தார். இரண்டாவது வகுப்பு. மேட்டில் எப்படி எடுப்பது என்று கதொவாகி சான் ஓட்டிக் காட்டும்போது, வழக்கப்படி இகுதா பயிற்சியாளர் இருக்கையில் மாறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில்தான் அவசரத்துக்கு மிதிக்கும் இரண்டாவது பிரேக் இருக்கிறது.

மேட்டின் பாதியில் கார் நின்றது. கை பிரேக் போட்டாயிற்று. கதொவாகி சானின் கை ராடை முதல் கியருக்குத் தள்ளியது. அந்தக் கைக்குப் பத்தொன்பது நாளாகப் பழகிய தூரம் மட்டும் தள்ளியது. பள்ளிக் காரின் நீள ராடுக்கு அது போதவில்லை. கியர் முழுதாக விழாமல் நடுவிலேயே நின்றது. அவர் கிளட்சை விட்டார், கை பிரேக்கை இறக்கினார். எஞ்சின் அலறியது. கார் பின்னால் போயிற்று. பிறகு குலுங்கி நின்றது.

நிறுத்தியது கதொவாகி சான் இல்லை. இகுதா.

பத்து நிமிடம் கழித்து இகுதா என் மேசை முன்னால் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “மிதிக்கலாமா டீச்சர்னு கேக்கக்கூட நேரம் இல்லைங்க. காலு தானா மிதிச்சிருச்சு. அவங்க என்னைத் திரும்பிப் பாத்து, நன்றின்னாங்க. எனக்கு அழுகையே வந்திருச்சு” என்றார்.

சன்னலுக்கு வெளியே கதொவாகி சான் அளவு நாடாவோடு மேட்டில் மண்டியிட்டிருந்தார். ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர். தேர்வில் ஒரு மீட்டருக்கு மேல் உருண்டால் அங்கேயே நிறுத்திவிடுவோம். பக்கத்தில் இருப்பவர் பிரேக்கை மிதித்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவோம். இரண்டும் நடந்திருந்தது. அவர் உள்ளே வந்து, வெற்று மதிப்பெண் தாள் ஒன்று வேண்டும் என்றார். மாணவர் பெயர் எழுதும் இடத்தில் ‘கதொவாகி நோரிகோ’ என்று எழுதி, ‘தேர்வு நிறுத்தம்’ என்ற கட்டத்தில் வட்டமிட்டு, முத்திரை குத்தி, பள்ளித் தலைவர் உருஷிபாராவின் அறைக்குக் கொண்டுபோனார்.

உருஷிபாரா அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம். பின்பக்கம் ஏதாவது வேடிக்கை எழுதியிருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு வெளியேயும் அவர் சொன்னது கேட்டது. ராடைக் கழற்றிப் பழையதை மாட்டிவிட்டால் போயிற்று, இதை ஒரு தாளாக்கி என் மேசைக்கு ஏன் கொண்டுவருகிறாய் என்றார். கதொவாகி சான் மூன்று நாள் யோசிக்கக் கேட்டார். அதுவரை கியர் வகுப்பு எடுக்க மாட்டேன் என்றார்.

பழைய ராடு அவர் வீட்டு அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு காலை வந்து கழற்றித் தருவதாக மித்சுதா சொன்னார். கார் அழுகிறது என்று அவரிடமும் சொல்லிக் குட்டை ராடு வாங்கத் தூண்டியது தான்தானே என்று அவருக்குக் குற்ற உணர்ச்சி. நானும் அவர் கழற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை. நடைவழியில்கூட விரல் நீட்டுகிறவர் ஒரு ராடுக்காக இருபத்தாறு வருடத்தை விடுவாரா?

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில், அன்றைய வகுப்புகளை வாசித்து முடித்ததும் கதொவாகி சான் கை தூக்கினார். கியர் வகுப்புகள் அனைத்தையும் மித்சுதாவிடம் கொடுத்துவிடுங்கள், நான் இனி ஆட்டோமேட்டிக் மட்டும் எடுக்கிறேன் என்றார்.



மித்சுதா எழுந்தே நின்றுவிட்டார். “கதொவாகி சான், கழட்ட ஒரு மணி நேரம் ஆவாது. நானே வரேன்னு சொன்னேன்ல.”

“கழட்ட வேண்டாம்.”

“ரெண்டும் பழகிக்கலாமே? ஒரு மாசத்துல கை பழகிரும்” என்றார் உருஷிபாரா.

“பழகும் சார். அந்த ஒரு மாசம் பக்கத்துல யார் உக்காந்திருப்பாங்க?” அவர் குரல் எப்போதும் போலவே தணிந்திருந்தது. “இங்க கை தப்பக் கூடாதுன்னு இருவத்திரண்டு வருஷம் என் காரையும் இந்தக் காரு மாதிரியே ஓட்டினேன். ஒரு நாள்கூட அது கேட்ட மாதிரி ஓட்டல. இந்த மூணு வாரமாத்தான் ஓட்டுறேன். இதை நான் திருப்பித் தர மாட்டேன்.”

அவர் ‘மாட்டேன்’ என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. உருஷிபாரா கடைசியில், அப்படியானால் திங்களிலிருந்து என்று சொல்லிவிட்டு, கூட்டம் முடியும் முன்பே அறைக்குள் போய்விட்டார். மித்சுதா உட்காரவில்லை. “அந்த மேட்டுல எனக்கே ரெண்டு தடவ உருண்டிருக்கு” என்று யாரிடமோ பேசுவது போலச் சொன்னார். கதொவாகி சான் அவரிடம் தன் நான்கு எண்ணிக்கையை எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை நீட்டினார்.

அன்று மாலை புதிய பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். இதுவரை எத்தனை மாணவர்களின் பெயருக்கு எதிரே ‘ஆட்டோமேட்டிக் மட்டும்’ என்று அடித்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது. அதே சொற்களைக் கதொவாகி நோரிகோ என்ற பெயருக்கு எதிரே அடிக்கும்போது இரண்டு முறை எழுத்து தவறியது. அச்செடுத்து நடைவழியில் ஒட்டினேன். இகுதா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். “நான் பிரேக்க மிதிச்சதாலயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பச்சைக் கார் வாசலுக்கு வந்தது. மழை இல்லை, கூரை மடித்திருந்தது. வலம், இடம், கண்ணாடி, விரல். எல்லாம் அப்படியே. பிறகு சாலையில் ஏறியது. பழக்க தோஷத்தில் நான் சன்னலருகே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். நான்கு சொல்வதற்குள் அவர் மூன்றாவது கியரில் இருந்தார்.