வல்லயத்தைப் பந்தயம் வைத்த பால்சாமி

பால்சாமியின் வீரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வேறு எதையும் முதலில் சொல்ல அவர் விடமாட்டார். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொஞ்சம் மானாவாரி நிலமும், முகத்தில் முறுக்கு மீசையும், வீட்டு உத்தரத்தில் ஒரு வல்லயமும் அவருக்கு உண்டு. ஆளுயரக் கம்பின் நுனியில் ஈட்டி பொருத்திய அந்த வல்லயத்தால் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒரே எறியில் மூன்று குதிரைகளையும் மேலிருந்த வெள்ளைக்காரர்களையும் கோத்து, மிச்ச வேகத்தில் பின்னால் நின்ற பனைமரத்தையும் தைத்தாராம். அந்த ஓட்டை வழியாக ஒரு வாரம் பதநீர் ஒழுகியதாம். பால்சாமி இதைச் சிரிக்காமல் சொல்வார். குலசாமியின் மாசிக் களரித் திருவிழாவுக்கு, நகையும் உடையும் வைத்த சாமிப் பெட்டி புறப்படும்போது அந்த வல்லயத்தை ஏந்தி முன்னால் நடக்கும் உரிமை அவர் வீட்டுக்கு. அந்த ஒரு நாள் கௌரவத்தை வைத்துக்கொண்டு மீதி வருஷத்தை ஓட்டுகிற மனிதர்.

அப்படிப்பட்டவரை அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மூன்று வருஷமாக, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் என்று பெயர். ஐந்தாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சு. சங்கரலிங்கத்தின் மச்சினன் ராம்குமாருக்குக் கப்பலில் வேலை. எண்பத்தெட்டில் லீவுக்கு வந்தபோது இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே விரல் உயர ஈயப் பொம்மைகள், தாயம் உருட்டுவது போல உருட்டக் கட்டைகள், தடியாக ஒரு விதிப்புத்தகம். ஒரு பக்கப் படை முழுக்கக் காது நீண்ட வில்லாளிகள். மறுபக்கம் கோடாரி பிடித்த பன்றிமூஞ்சிப் பூதங்கள், அவற்றுக்கு எடுபிடியாகச் சுண்டைக்காய் மாதிரி பச்சைக் குள்ளர்கள். கடையில் துணி வெட்டும் மேஜைதான் போர்க்களம். அங்குலம் அளந்து நகர வேண்டும், கட்டை உருட்டிக் கொல்ல வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததுமே சங்கரலிங்கம் வில்லாளிகளை வாரித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கல்லாவை விட்டு எழுந்திருக்காமல் ஆகிற காரியம் எது என்பது அவருக்குப் பிறவி ஞானம். வில் கோழையின் ஆயுதம் என்று சொல்லிப் பால்சாமி பூதங்களை எடுத்துக்கொண்டார்.

அம்பு இரண்டடி தூரம் பாயும். பூதம் ஒரு சுற்றுக்கு நாலு அங்குலம் நடக்கும். தலையில் களிமண் இல்லாத எவனும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். மரங்களுக்குள் நுழைந்தவன்மேல் அம்பு தைக்காது என்றும் புத்தகத்தில் இருந்தது. பெட்டியில் மரம் இல்லை. சீமைக்கருவைக் குச்சிகளைக் களிமண்ணில் ஊன்றி, அவரவர் பாதி மேஜையில் வேண்டிய மட்டும் நட்டுக்கொள்ளலாம் என்று ராம்குமார் வழி சொன்னான்.

“முள்ளையா?” பால்சாமிக்கு முகம் கோணியது. “எங்கய்யா காலத்துலருந்து நம்ம நிலத்துல ஒரு கருவை தலைகாட்டுனதில்ல. இங்க வந்து என் கையால நடுவனாக்கும்?”

தன் பாதி மேஜையைத் துண்டால் தட்டித் துடைத்து, விதைப்புக்குத் தயாரான புஞ்சை மாதிரி ஆக்கிவிட்டுத்தான் படையை நிறுத்துவார். பூதங்கள் கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் போல முன்னும் பின்னுமாக ஒவ்வொன்றாய் வரும். வந்த வரிசையில் சாகும்.

“என்ன பால்சாமி, உன் ஆளுக ஒருத்தர்கூட என் கடை வாசலை மிதிக்க மாட்டேங்குறாகளே?”

“ஏலே, ஆம்பளையா இருந்தா எறங்கி வாலே!”

“நான் எதுக்கு வரணும்? அதான் நீ வாரியே.”

சங்கரலிங்கத்தின் கையும் சுத்தமில்லை. துணி அளக்கிற பழக்கம்; பொம்மையைத் தூக்கி வைக்கும் சாக்கில் ஒரு விரற்கடை இடம் மாறிவிடும். பால்சாமி அதைக் கண்டுபிடித்து, மேஜையைக் குத்தி ஒரு சட்டம் போட்டார்: “தள்ளித்தேன் நகத்தணும். மேசையிலருந்து எதத் தூக்குனாலும் அது போனது போனதுதேன். திரும்ப வைக்கக் கூடாது.” அவர் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. அதன் லட்சணத்தைப் பிறகு பார்க்கலாம்.

தொண்ணூற்றொன்று, தை மாதம். வழக்கம்போல் பால்சாமி தோற்றதும் சங்கரலிங்கம் கொட்டாவி விட்டார். “உங்க பாட்டன் மூணு குதிரையக் கோத்தாரு. நீ என் வில்லாளி ஒருத்தனத் தொட்டதில்ல. அந்த வல்லயத்த எங்கிட்டக் குடு, மேல தொங்குற சட்டைய எடுக்கவாவது ஆகும்.”

“அடுத்த ஞாயித்துக்கெழம தோத்தா எடுத்துக்க!” என்று கத்தினார் பால்சாமி. “செயிச்சேன்னா, களரிக்கு எங்க ஊருக்கு வந்து எனக்குப் பின்னால கொடை பிடிச்சு நடக்கணும். சம்மதமா?”

சம்மதம் என்று சங்கரலிங்கம் சொன்ன வேகத்தைப் பார்த்த பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தோம் என்று பால்சாமிக்கு உறைத்தது.

வீட்டில் கருத்தம்மாள் சோறு போட்ட கையோடு கேட்டாள். “களரிக்கு ஒரு மாசங்கூட இல்ல. வல்லயம் போச்சுன்னா என்னத்தப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடப்பீக, வெளக்கமாத்தையா?”

பிறகு அவளே வழியும் சொன்னாள்.

“பருந்து சுத்துனா நம்ம கோழி குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு எங்க ஓடுது? வெட்டவெளிக்கா? கருவைக்குள்ள. அதுவும் ஒண்ணொண்ணாவா போகுது? அந்தப் பச்சக் குள்ளனுகள முன்னால வெரட்டுங்க, அம்பெல்லாம் அதுக மேல விழட்டும். மத்ததுக மொத்தமா முள்ளுக்குள்ள பூந்து போகட்டும். மூணு வருசமா இந்தச் சோத்த அந்தக் கோழிக்குப் போட்டிருக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை பால்சாமி கருவைக் குச்சிகளைத் துண்டில் கட்டிப் பஸ் ஏறினார். அருப்புக்கோட்டையில் இறங்கியபோது அந்தப் பஸ்ஸில் கிழியாத வேட்டி கண்டக்டருடைய பேண்ட் ஒன்றுதான் என்று பேச்சு.

லீவில் வந்திருந்த ராம்குமார் நடுவராக நின்றான். பால்சாமி மூக்கைச் சுளித்துக்கொண்டே தன் மேஜையில் முள் நட்டார். சங்கரலிங்கம் கல்லாவிலிருந்து முதல்முறையாக எழுந்து நின்றார். அம்புகள் குள்ளர்கள்மேல் விழுந்து தீர்ந்தன. குள்ளர்களுக்காக யாரும் அழவில்லை. அதற்குள் பூதங்கள் அத்தனையும் ஒன்றாக, ஒரு கீறல் இல்லாமல், மேஜை நடுவிலிருந்த கருவைப் புதரின் கடைசி விளிம்புக்கு வந்துவிட்டன. சங்கரலிங்கம் எய்கிற இந்த ஒரு சுற்று கழிந்தால் போதும். எய்யவோ கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. அடுத்து வில்லாளிகள்மேல் கோடாரி.

“முள்ளுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு வாரியே, இதுதேன் உங்க பாட்டன் வீரமா?” என்றார் சங்கரலிங்கம்.

“பேசு, பேசு. கொடைய மட்டும் ஓட்டையில்லாமக் கொண்டா.”

பால்சாமி ஓரடி பின்வாங்கி, இடுப்பில் கைவைத்துத் தன் வெற்றியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. பூதங்கள் அவர் கண்ணில் படவில்லை. மூன்று வருஷமாகத் தட்டித் துடைத்த நிலத்தில் முள் மண்டிக் கிடந்ததுதான் பட்டது. வயலில் நின்றால் எப்படிக் குனிவாரோ அப்படிக் குனிந்தார். ‘சீ’ என்றார். தூரைப் பிடித்து இழுத்தார். ஒரே களிமண் கட்டியில் ஊன்றிய புதர் மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

ராம்குமார்தான் முதலில் பேசினான். “அண்ணே, தூக்கிட்டீக.”

“தெரியாமத் தூக்கிட்டேம்ப்பா. வச்சிர்றேன்.”

“திரும்ப வைக்கக் கூடாதுங்கிறது நீங்க போட்ட சட்டம்ணே.”

சங்கரலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார். வெட்டவெளியில், கை எட்டும் தூரத்தில், கும்பலாக நின்ற பூதங்களை வில்லாளிகள் ஒன்று விடாமல் எய்தார்கள். பால்சாமி கையில் முள்ளோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வல்லயம் ஜவுளிக்கடைக்குப் போனது. மேலே தொங்கும் சட்டைகளை எடுக்க உண்மையிலேயே தோதாக இருந்தது. மாசி பிறந்ததும் பால்சாமி கடை வாசலில் வந்து நின்றார். வல்லயம் இல்லாமல் சாமிப் பெட்டி புறப்படாது.

“இரவலெல்லாம் கெடையாது. நானே கொண்டு வாரேன்” என்றார் சங்கரலிங்கம்.

கொண்டுவந்தார். புது வேட்டி கட்டி, வல்லயத்தை ஏந்தி, சாமிப் பெட்டிக்கு முன்னால் அவரே நடந்தார். பின்னால் குடை பிடித்துப் பால்சாமி.

“ஏ கருத்தம்மா, முன்னால போறவுக யாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு சண்ட போட்டுப் பிடிச்சுக்கிட்டு வந்த ஆளு” என்றாள் கருத்தம்மாள்.

கண்மாய்க் கரை திரும்பும் இடத்தில் சங்கரலிங்கத்தின் வழுக்கையில் சுளீரென்று வெயில் அடித்தது. “கொடைய நேராப் பிடிலே” என்று திரும்பினார். குடை ஒருபக்கம் சாய்ந்து கிடக்க, பால்சாமி பாதையோரம் குனிந்து, அப்போதுதான் முளைத்திருந்த கருவைக் கன்று ஒன்றைத் தூரோடு இழுத்துக்கொண்டிருந்தார்.