உடைந்த ஊசியும் ஒன்பதாம் வகுப்பும்

முந்தாநாள் ஒரு போன் வந்தது. அதைச் சொல்வதற்கு முன், போன மாதக் கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் பையன் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறான். பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை ரொம்ப நேரம் டாய்லெட் ரிப்பேர் பற்றிப் பேசிவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். பாலியல் கல்வி!

எல்லோரும் அவசரமாக செல்போனைப் பார்க்க ஆரம்பித்தோம். நானும்தான்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, 'கல்யாணம் வரைக்கும் தள்ளியே இருங்கள்' என்று ஒரு மணி நேரப் பேச்சு. அதோடு முடிந்தது. இன்னொன்று, வாரம் ஒரு நாள் நர்ஸ் வருவார். தள்ளி இருப்பதையும் சொல்வார். கூடவே உடம்பு, கர்ப்பம், பாதுகாப்பு, 'வேண்டாம்' என்று சொல்வது எப்படி, தப்பு நடந்தால் யாரிடம் போவது... எல்லாம். இதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வராத பிள்ளைகள் அந்த நேரம் லைப்ரரியில் இருக்கலாம்.

எங்கள் காலத்தில் இந்தப் பாடம் வந்தபோது வாத்தியார், "இது பரீட்சைக்கு வராது, தள்ளு" என்றார். வந்தது. ஐந்து மார்க் போச்சு.

முதலில் எழுந்தவர் தங்கவேல். பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரே மகள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். தெரியாத புள்ளைக்கு நாமளே எதுக்குங்க சொல்லித் தரோணும்? என்ற புள்ள லைப்ரரியிலயே இருக்கட்டுங்க."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் மறுபடியும் செல்போனைப் பார்த்தேன். வாரா வாரம் பத்திரிகையில் ஊருக்கு உபதேசம் எழுதுகிறேனே, வீட்டில் பையனிடம் இதுபற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா?

பேசியது சாந்தாமணி. இன்னொரு கம்பெனியில் டெய்லர். உட்கார்ந்தபடியே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, உங்க லைனுக்குப் புதுசா டெய்லர் வந்தா மொத நாளு என்னங்க சொல்லித் தருவீங்க?"

"ஊசி ஒடஞ்சா என்ன பண்ணோணும்னு சொல்லுவனுங்க. ஒடஞ்ச துண்டு அத்தனையும் தேடி எடுத்துக் குடுக்கோணும். அதைய நோட்டுல ஒட்டிட்டுத்தான் புது ஊசி குடுப்போம். ஒரு துண்டு துணியில தங்கிட்டாலும் போடற குழந்தைக்குக் குத்தும்ல?"

"அப்பிடிச் சொல்லித் தர்றதுனால யாராச்சும் ஊசிய ஒடைக்கறாங்களாங்க?"

"அதெப்பிடிங்க?"

"செரி, ஒடஞ்சுதுன்னு வந்து சொன்னா திட்டுவீங்களா?"

"திட்டுனா அடுத்த தடவ மறைச்சுருவாங்கல்லங்க. அதனால நாங்க..."

தங்கவேல் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சாந்தாமணி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு வாயை மூடிக்கொள்வது எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வராது.

கூட்டம் முடிந்து பைக்கை எடுக்கும்போது பார்த்தேன். தங்கவேல் திரும்ப ஆபீஸ் ரூமுக்குள் போய்க்கொண்டிருந்தார். கையில் பேனா.

இப்போது அந்த போன். தங்கவேல்தான்; பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என் நம்பரை எடுத்திருக்கிறார்.

"நாலு கிளாஸ் முடிஞ்சுதுங்க. நேத்து புள்ள எங்கிட்ட வந்து உக்காந்தா. பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் ரெண்டு மாசமா பின்னால வந்து தொந்தரவு பண்றானாமுங்க. போட்டோ கேக்கறானாம். எங்கிட்டச் சொல்ல பயந்துட்டு இருந்திருக்கறா."

ரெண்டு மாசம்... அந்தக் கூட்டம் நடந்தபோதே அவள் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். லைப்ரரியில் உட்கார்ந்திருந்தால்?

"டீச்சருகிட்டச் சொல்லி, போலீஸ்லயும் எழுதிக் குடுத்தாச்சுங்க. இனி அவன் வரமாட்டான்."

"பாப்பாகிட்ட என்னங்க சொன்னீங்க?"

மெதுவாகச் சொன்னார்.

"என்ன சொல்றதுன்னே தெரியலீங்க. ஆனா... திட்டலீங்க."

இன்று சாயங்காலம் என் பையனிடம் பேசப்போகிறேன் — இந்தத் தடவை செல்போனைப் பார்க்காமல்.