அம்மா உறங்கிய ஜெபக்கூடம்

இன்று தண்டவாளத்தோரம் வெயிலில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகளிலிருந்து தார் வாசம் வந்ததும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், கழித்துப்போட்ட அதே மாதிரிக் கட்டைகளால் சுவரெழுப்பி அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்திருந்த எங்கள் ஜெபக்கூடம் நினைவுக்கு வந்தது.

ஒரே மழைக்காலத்தில் என் தம்பிகள் இருவரையும் மலேரியாவுக்குக் கொடுத்த அம்மா, வீட்டில் படுத்தாலும் கண் மூடாமல் கிடப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்துப் பாயில் என்னருகே உட்கார்ந்து, களைத்தவர்களை இயேசு இளைப்பாற அழைத்ததைப் பற்றி உபதேசியார் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கியதும், ரயில் கடந்து கூடமே அதிர்வதுகூடத் தெரியாமல், சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவாள்.

"பிரசங்கத்துல தூங்குறாளே!" என்று ஒருத்தி அவளை உலுக்கப் போனபோது உபதேசியார் தடுத்தார்.

"எழுப்பாதீங்கம்மா. அதுக்குத்தானே அவங்க வர்றாங்க."

மறு வருடம் புதுத் தண்டவாளம் போடுவதற்காகக் கூடத்தைப் பிரித்துவிட்டார்கள். டவுனிலிருந்த பெரிய கோயிலுக்குப் போனோம். அங்கும் அதையே பிரசங்கித்தார்கள். அம்மா விழித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தூக்கம் வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"ஆண்டவரு இங்கயும் இருக்காருதான், பாப்பா. எனக்குத்தான் கண்ண மூட முடியல."

சாகும்வரை வாரம் தவறாமல் போனாள். ஒருநாளும் அங்கே அவள் உறங்கி நான் பார்க்கவில்லை.