உதடு அசையாத சோதினை

கிளிநொச்சியில ஒரு கொம்பியூட்டர் அறையில எனக்குத் தற்காலிக வேலை. இந்தச் சோதினை பாஸ் பண்ணினால் நிரந்தரம், இல்லாட்டி பூநகரியில வீட்டோடை இருக்கவேண்டியதுதான். ரண்டு தரம் கோட்டை விட்டிட்டன். இது கடைசித் தரம்.

பல கொம்பியூட்டருகள் சேர்ந்து பாவிக்கிற பெரிய சேமிப்பு வலையமைப்பு ஒண்டு இருக்காம். சோதினையில அதைப்பற்றின சொல்லுகளுக்குத்தான் கருத்துக் கேட்பினம். அப்பிடியொரு மெசினை நான் கண்ணாலையும் காணேல்லை. காணாத சாமானை வேறை எப்பிடிப் படிக்கிறது? சத்தம்போட்டுப் பாடமாக்கினன். பள்ளிக்கூடத்திலையும் அப்பிடித்தான் படிச்சனான்.

என்ரை மனுசன் வயல் செய்யிறவர். இங்கிலீசை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனாலும் பின்னேரத்தில நான் சமைக்கேக்கை குசினி வாசலில கதிரையைப் போட்டு, என்ரை கொப்பியோடை இருந்திடுவார்.

"சோனிங் எண்டால் என்னப்பா? சொல்லும் பாப்பம்."

எந்தக் கொம்பியூட்டர் எந்தச் சேமிப்பைப் பாக்கலாம் எண்டு பிரிச்சுவிடுறது. அதை இங்கிலீசில ஒரே ராகத்தில ஒப்புவிப்பன். நான் வாயை மூடினால் மறந்திட்டன் எண்டு அவருக்கு விளங்கும். உடனை அடியெடுத்துக் குடுப்பார்.

இந்த முறை சோதினை ஓன்லைனில, வீட்டிலை இருந்து. கமராவுக்குள்ளாலை ஆரோ ஒருத்தர் பாத்துக்கொண்டே இருப்பார். அறைக்குள்ளை ஆரும் வரக்கூடாது எண்டு மனுசனிட்டைச் சொன்னன். நாயைக் கட்டிப்போட்டு, நெல்லுக் காயவிட்டிருந்த முற்றத்துக்குப் போனவர்.

முதல் கேள்வியை முணுமுணுத்து வாசிச்சன். திரையில எழுத்து வந்தது: உதட்டை அசைக்கவேண்டாம். பத்தாவது கேள்வியில திரும்பவும் வந்தது. இன்னொருக்கா உதடு அசைஞ்சாலோ, வேறை குரல் கேட்டாலோ சோதினை ரத்தாம்.

வாயை இறுக்கி மூடினன். ஐயோ, தலைக்குள்ளை ஒண்டுமே இல்லை! சொல்லு வாயாலை வந்தால்தான் கருத்தும் வரும். கடவுளே, உலகத்தில ஆருக்கு இப்பிடியொரு தலை? அழுகை வந்தது. அழுதாலும் உதடு அசையுமெண்டு அதையும் விழுங்கினன்.

கடைசியா மேசைக்குக் கீழை கால் பெருவிரலாலை தாளம் போட்டுப் பாத்தன். ராகம் வந்தது. அதுக்குப் பின்னாலை சொல்லுகளும் ஒவ்வொண்டா வந்துது. விடையளை அழுத்தினன். இன்னும் ஐஞ்சு கேள்விதான்.

அப்பதான் யன்னலுக்கு வெளியாலை மனுசன்ரை குரல் கேட்டது. கொப்பியின்ரை முதல் பக்கத்திலை இருந்து, என்ரை அதே ராகத்தில, இங்கிலீசில, உரத்துச் சொல்லுறார். "பேசாமல் இருங்கோ" எண்டு கத்தவும் வழியில்லை. ரண்டாம் பக்கம் தொடங்கேக்கை திரை வெள்ளையாப் போச்சு. சோதினை ரத்து.

கொல்லுற கோவத்தோடை வெளியாலை ஓடினன். மனுசன் யன்னலடியில நிக்கிறார், கால் முழுக்க நெல்லுத்தூசு, கையில கொப்பி இல்லை.

"அரை மணித்தியாலமா உம்மடை சத்தம் ஒண்டும் கேக்கேல்லை. எல்லாம் மறந்துபோட்டீரெண்டு பயந்திட்டன். நான் உள்ளுக்கு வரேல்லையப்பா, வெளியாலை நிண்டுதான் சொன்னனான்." முகமெல்லாம் வேர்த்திருந்தது. "பிழை விடாமல் சொன்னனானே?"

"ஓம்," எண்டன். "ஒரு சொல்லும் பிழையில்லை."