வயிற்றில் கை வைக்காதீர்கள்: தி.நகரிலிருந்து அடையாறு

இந்த வலைப்பூவில் இதுவரை மலைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இது தி.நகரிலிருந்து அடையாறு. ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றெண்பது ரூபாய். யாரும் ஆசைப்பட்டுக் கிளம்புகிற பயணம் அல்ல. ஆனாலும் சில வீடுகள் கிளம்பியாக வேண்டும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூன். அக்கா மகள் மித்ராவுக்கு நான்கு வயது. குளிப்பாட்டும்போது அக்காவின் சோப்புக் கை இடது விலாவுக்குக் கீழே நின்றது. கெட்டியாக ஏதோ. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அன்று காலைகூட இரண்டு தோசை தின்றிருந்தாள். ஸ்கேனில் தெரிந்தது: இடது சிறுநீரகத்தில் கட்டி. வில்ம்ஸ் கட்டி என்று பெயர். சின்னக் குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் இதுவே அதிகம்.

டாக்டரம்மா முதலில் சொன்னது இது. "வயித்தை யாரும் அமுக்கிப் பாக்காதீங்க. கட்டி உள்ளேயே உடைஞ்சா பரவும். அப்புறம் சிகிச்சை கடுமையாயிடும்." மித்ரா அக்கா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்த உறவினர்களிடம் அவளே சொன்னாள்: "கை வெச்சா கடிச்சிருவேன்." ஒருவரைக் கடித்தும் விட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை.

போனில் விதி என்று ஆறுதல் சொன்னவர்களிடம், ரத்தம் கொடுக்க வருவீர்களா என்று நான் கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அத்தானுக்கு தி.நகரில் துணிக்கடை. குழந்தைக்கு வயிறு உப்பினால் தொக்கம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தின்றது ஏதோ உள்ளே சிக்கியிருக்கிறது என்று சொல்லி, வயிற்றைத் தடவி, நீவி, அழுத்துவார்கள். மித்ராவை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கும் நாளில் அத்தான் முன்னதாகவே போய்விட்டார். அவருடைய அக்கா எங்களோடு ஆட்டோவில் ஏறினார். அக்கா அவரை மதினி என்பாள். அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல்.

காலை எட்டு மணி. நந்தனம் வரை மெட்ரோ வேலைத் தடுப்புகள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் மூச்சைப் பிடித்தேன். கோட்டூர்புரம் பாலத்துக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆட்டோ நேராகப் போனது.

"அண்ணே, அடையாறு அந்தப் பக்கம்."

"இந்தம்மாதான் சார் ஏறும்போதே சொன்னாங்கோ, நொச்சிக்குப்பம் போய்ட்டு அடையாறுன்னு," என்றார் ஓட்டுநர்.

மதினி சாலையைப் பார்த்தபடி சொன்னார்: "தொக்கம் எடுக்கிற ஆள் அங்கதான் இருக்கு, தம்பி. ஒரு தடவு தடவி விட்டா வீக்கம் வடிஞ்சிரும். பச்சப்பிள்ளைக்குப் போயி ஊசியும் கத்தியுமா? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் பயந்தேன். விளக்கத் தொடங்கினேன். அணுக்கள். பரவல். முதுகலை படித்தவனின் நீண்ட வாக்கியங்கள். மதினி கொட்டாவி விட்டார்.

"வண்டிய நிறுத்துங்க," என்றாள் அக்கா.

"நடு ரோட்ல எப்டிமா நிறுத்தறது? பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அட்ச்சிகினே வரான்."

"நிறுத்துங்க."

ஓரமாக நின்றது. அக்கா திரும்பினாள். குரல் உயரவில்லை. "மதினி, நீங்க சொன்ன சேலையத்தான் கட்டுதேன். நீங்க சொன்ன பேரத்தான் பிள்ளைக்கு வெச்சேன். ஆனா இவ வயித்துல ஒருத்தரும் கை வைக்கப் போறதில்ல. நொச்சிக்குப்பம் போகணும்னா நீங்க இறங்கிக்கிடுங்க."

அத்தான்கூட மதினியிடம் இப்படிப் பேசியதில்லை.

"பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையச் சொல்லாத."

"உங்களச் சொல்லல. நான் பாத்துக்கிடுதேன்."

ஓட்டுநர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். "இன்னா சார் முடிவு? ஒருத்தர் குப்பம்ன்றாங்கோ, ஒருத்தர் ஆஸ்பத்திரின்றாங்கோ. வண்டி ஒண்ணுதான் கீது."

"ஆஸ்பத்திரி," என்றாள் மித்ரா.

"ஆங். ஓனரம்மாவே சொல்ட்டாங்கோ."

மதினி இறங்கவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டார். அடையாற்றுப் பாலத்தில் உப்புக் காற்று. வண்டி மெதுவாகப் போனது.

வார்டில் நர்ஸ் கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டையை மாட்டினார்: வயிற்றைத் தொடாதீர்கள். மதினி அதன் முன் வெகுநேரம் நின்றார்.

முதலில் சில வாரங்கள் மருந்து. கட்டி சுருங்கியது. பிறகு அறுவை. சிறுநீரகத்தோடு சேர்த்துக் கட்டியை உடையாமல் எடுத்தார்கள். மறுபடி மருந்து. முடி போனது. கால்கள் தளர்ந்தன. அவள் வாய் மட்டும் தளரவில்லை. மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகம் அவள் வளரப் போதும்.

போகப்போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு முன்பே கிளம்புங்கள். போகும் வழியை ஓட்டுநரிடம் நீங்களே சொல்லுங்கள். குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள். என்ன சாப்பிடக் கொடுத்தாய் என்று தாயைக் கேட்பவர்களை வாசலோடு அனுப்புங்கள். இது தாய் செய்த எதனாலும் வருவதில்லை. உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். 'பெரும்பாலான' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் அந்தப் பாலத்தைக் கடந்தோம்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனோம். மதினியும் வந்தார். ஆட்டோவில் மித்ரா சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். மதினியின் கை தானாக நீண்டது.

"அத்தை. கேட்டுட்டுத் தொடணும்."

மதினி கையை மடக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "தொடட்டுமாட்டி?"

மித்ரா வெளியே பார்த்தாள். யோசித்தாள்.

"பாலம் தாண்டுனப்புறம் சொல்றேன்."