பாப்பா தூங்கிய ஆட்டுத்தோல்

ரங்கூனுக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே நான் துவைக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் இருந்த துணி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. உவர்மண் போட்டு ஊறவைத்தேன், சவுக்காரம் போட்டுக் கும்மினேன், வெயிலில் காயப்போட்டு எடுத்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் அந்த வாசனை இருக்கிறது என்று தோன்றினால் மறுபடியும் வாளியில் போட்டேன். என் கணவர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"கப்பல்ல போறோமா, இல்ல நீ துணி வெளுக்கப் போறியா?"

அவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் அவர் குமாஸ்தா. குமாஸ்தா என்றால் மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் என்று ஆற்காட்டில் எங்கள் வீட்டில் நினைத்துத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இவரோ தொட்டி தொட்டியாகப் போய் நின்று, தோலைப் புரட்டி, தடவி, மடித்துப் பார்த்து, அதிலேயே பொழுதைக் கழிப்பவர். சாயங்காலம் அவர் தெருமுனை திரும்பும்போதே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆட்டுத்தோலும் கலந்த அந்த வாசனை வாசலுக்கு வந்துவிடும். வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாற்றம்தான்.

வந்ததும் வராததுமாகப் பாப்பாவைத் தூக்குவார். அப்போது அவளுக்குப் பல் முளைக்கிற பருவம். கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள், தவழ்வதில் சூரப்புலி. நான் சொம்பில் தண்ணீரோடு அவர் பின்னாலேயே ஓடுவேன்.

"கை கால் கழுவிட்டுப் புள்ளையத் தூக்குங்க!"

"ஒரே நிமிசம் இரு."

அந்த ஒரு நிமிஷத்துக்குள் பாப்பா அவர் தோளில் மூக்கைப் புதைத்துத் தூங்கிப்போயிருப்பாள். தூங்குகிற குழந்தையைப் பிடுங்கவா முடியும்? சொம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போவேன். தினமும் இதே கூத்துதான். எங்கள் வீட்டுச் செம்பருத்தி அப்படித்தான் செழித்தது.

ரங்கூனில் செருப்பும் பூட்ஸும் தைத்து விற்கும் ஒரு சீனக் கடைக்காரரிடம் மாதிரித் தோல்களைக் காட்டி ஆர்டர் பிடித்துவர வேண்டும் என்று முதலாளி இவரை அனுப்பினார். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். உங்களுக்கு வேலை, எனக்குக் கப்பல் என்றேன். முதலாளி பெரிய மனசுக்காரர். சங்கதி கேட்டுச் சிரித்தாராம்.

"அச்சா, கூட்டிக்கினு போப்பா. கைக்குழந்தைய வெச்சிக்கினு கீழ்க்கிளாஸ்ல பேஜார் பட வேணாம், ரெண்டாம் கிளாஸ்ல போ. ஆர்டர் இல்லாம மட்டும் திரும்பி வந்துடாதே."

கடைசி வாக்கியத்தையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார். இவருக்கு மட்டும் அன்றிலிருந்து அதே நினைப்பு. இரண்டாம் கிளாஸ் டிக்கெட் வாங்கிக்கொடுத்த மனிதரிடம் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? கிடங்கில் இருந்ததிலேயே நல்லதாக ஆறு ஆட்டுத்தோலைப் பொறுக்கி எடுத்தார். அதிலும் ஒன்று தனி ரகம். வெளிர் மஞ்சளில், ஒரு கீறல் இல்லாமல், வழவழவென்று இருந்தது. இந்த ஒன்றைக் காட்டினால் போதும், ஆர்டர் தானாக விழும் என்று சொல்லிச் சொல்லி அதை மட்டும் தனியாக மல் துணியில் சுற்றினார்.

என் கல்யாணப் பட்டுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

கப்பல் ஏறியதும் முதல் காரியமாக அந்த மூட்டையைச் சரக்கறைக்கு அனுப்பவைத்தேன். அவர் அறைக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். நான் மசியவில்லை. நாலு பெரிய மனிதர்கள் வருகிற இடத்தில், இவர்கள் எந்த ஊர் என்று மூக்கே சொல்லிவிடக் கூடாது என்பது என் கவலை.

ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒரு அறை. என் அறையில் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வீட்டு அம்மாள், ரங்கூனில் இருக்கும் மகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். காதில் வைரத்தோடு. எந்த ஊர் என்று கேட்டார். ஆற்காடு என்றேன். பிறந்த ஊரைச் சொல்வதில் பொய் என்ன இருக்கிறது? டப்பாவைத் திறந்து எங்கள் ஊருக்கே பேர்போன இனிப்பான மக்கன் பேடாவையும் நீட்டினேன். அதைச் சாப்பிட்ட பிறகு ஆற்காட்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது.

புதுத் துணியில் தூளி கட்டினோம். கப்பலே ஆட்டிக்கொள்ளும், கயிறு பிடித்து ஆட்டுகிற வேலை மிச்சம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாப்பாவைத் தூளியில் விட்டேன். அழுதாள். எடுத்தேன், அழுதாள். பால் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வக்கீல் வீட்டம்மாள் முதலில் பாட்டுப் பாடினார். பிறகு கிலுகிலுப்பை ஆட்டினார். அதற்கும் பிறகு காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

விடிந்ததும் குழந்தையை என் கணவரிடம் கொண்டுபோனேன். அவர் தோள் இருந்தால் தூங்கிவிடுவாள் என்ற தைரியம். குளித்து, சந்தன சோப்பு மணக்க, நான் மூன்று தண்ணீர் அலசிக் கஞ்சி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். பாப்பா தாவிப் போனாள். தோளில் மூக்கை வைத்தாள். உடனே தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் மூக்கை வைத்தாள். பிறகு அவரைக் கையால் தள்ளிக்கொண்டு, வேற்றாள் தூக்கிவிட்டது போல வீறிட்டு அழுதாள்.

"என்னையே தெரியலியா இதுக்கு?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. நான் தினமும் அவ்வளவு சத்தம் போட்டும் ஒருநாள்கூட அந்த முகம் அப்படி விழுந்ததில்லை.

கப்பல் டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றைத் தட்டினார், நாக்கைப் பார்த்தார், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி ஏதோ தித்திப்பு மருந்து கொடுத்தார். அதைத் துப்பிவிட்டு அழுதாள். அடுத்த இரவும் அப்படியே போனது. அழுது அழுது குரல் கம்மிவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாலாபக்கமும் தண்ணீர், இறங்கி ஓடிப்போக ஒரு தெரு கிடையாது. கப்பல் ஆசை வந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இவருக்கு வேறொரு பயம் வந்தது. கடல் ஈரத்தில் தோலில் பூஞ்சை பிடித்திருந்தால் என்ன செய்வது? ஆளுக்குச் சொல்லி மூட்டையை மேல்தளத்துக்கு எடுத்துவரச் செய்தார். நிழலாக ஒரு இடம் பார்த்து ஜமக்காளம் விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். நான் பாப்பாவை ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னால் ஆகாது என்று பக்கத்திலேயே சரிந்துவிட்டேன்.

தனி ரகத்தின் மல் துணியை அவர் பிரித்ததும் பாப்பாவின் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சினாள். நேராகத் தவழ்ந்து போய் அந்தத் தோல்மேல் ஏறினாள். கன்னத்தை அதில் வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். கட்டைவிரல் வாய்க்குப் போனது. அவ்வளவுதான், தூங்கிவிட்டாள்.

நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. இவர் குந்தியபடியே, நீட்டின கை நீட்டினபடி இருந்தார்.

"அடியே, அது முதல் ரகம்" என்று காற்றாகப் பேசினார்.

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்" என்று நானும் காற்றாகவே சொன்னேன்.

அவர் தொடவில்லை. அன்று மத்தியானம்வரை நிழல் நகர நகர, குடையைப் பிடித்துக்கொண்டு தானும் நகர்ந்தார். இடையில் பாப்பாவுக்குக் கீழே தோலின் நிறம் மெல்லக் கறுத்து வட்டமாகப் பரவியது. குழந்தை என்றால் அதுவும்தானே. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "போச்சு" என்று உதடு மட்டும் அசைந்தது.

சாயங்காலம் தோலோடு சேர்த்துப் பாப்பாவை அறைக்குக் கொண்டுபோனேன். வேறு வழியில்லை, இழுத்தால் பல்லால் பிடித்துக்கொண்டாள். வக்கீல் வீட்டம்மாள் மூக்கைச் சுளித்தார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று, ஆம்பூர், தோல் கிடங்கு, துவைத்த கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பாப்பாவைப் பார்த்தார். அது தோல்மேல் குப்புறப் படுத்து, வாயில் எச்சில் ஒழுக, ராணி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தத் தோலை இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போடும்மா" என்றார். "எனக்கும் தூக்கம் வருதான்னு பாப்போம்."

ரங்கூனில் இறங்கியபோது தனி ரகத்தில் ஒரு பெரிய கறை வட்டமும், ஓரமெல்லாம் பல் குறியும் இருந்தன. இவர் மற்ற ஐந்தையும் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். தோலை விட்டு இறங்காத குழந்தையோடு தங்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானும் போனேன்.

சீனக் கடைக்காரர் இந்துஸ்தானியில் பேசினார். ஆம்பூரில் குடித்தனம் செய்தால் இந்துஸ்தானி தானாகக் காதில் ஏறிவிடும், எனக்கும் புரிந்தது. ஐந்து தோலையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இந்த ஊர் மழைக்குத் தாங்குமா, நனைந்து காய்ந்தால் பலகை மாதிரி விறைத்துப்போகாதா என்று கேட்டார். போகாது என்று இவர் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லி, அவர் ஐந்தையும் சுருட்டி இவர் பக்கமே நகர்த்தினார். இவருக்கு முதலாளியின் முகம் கண் முன்னால் வந்திருக்கும்.

அப்போதுதான் கடைக்காரர் என் மடியைப் பார்த்தார். பாப்பா தோலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அது என்ன, அதை ஏன் காட்டவில்லை என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு இவர் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார்.

கடைக்காரர் எழுந்து வந்து பாப்பாவுக்கு முன்னால் குந்தினார். கறை இருந்த இடத்தைப் பிடித்து மடித்தார். திருப்பி மடித்தார். நகத்தால் அழுத்தினார். ஒரு வெடிப்பு இல்லை. மற்ற இடம்போலவே துவண்டது. எத்தனை தடவை நனைந்தது என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர் மனைவி முதுகில் ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவளிடமும் மடித்துக் காட்டினார். ரங்கூன் மழையைவிடப் பெரிய மழையை இது பார்த்துவிட்டது என்றார். ஆர்டர் எழுதினார்.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஆனால் ஒரு சிக்கல். வாங்குகிறவர் மாதிரித் தோலைத் தன்னிடமே வைத்துக்கொள்வது வழக்கம். பின்னால் வருகிற சரக்கை அதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது கறை உள்ள தோல்தான். பாப்பா விடவில்லை. அப்பா, கடைக்காரர், கடைக்காரர் மனைவி என்று மூன்று பேர் கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கடைக்காரர் மனைவி தோல் வெட்டும் கத்தியை எடுத்துவந்து நடுவே ஒரு இழுப்பு இழுத்தாள். கறை உள்ள பாதி கடைக்கு, பல் குறி உள்ள பாதி பாப்பாவுக்கு. இரண்டு பேருக்கும் திருப்தி.

போகும்போது பார்க்காத கடலைத் திரும்பும்போதுதான் பார்த்தேன். பாப்பா பாதித் தோலில் தூங்கினாள். நான் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மீன்கள் தண்ணீரைவிட்டு எழும்பிப் பறப்பதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவர் சுண்டல் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றார். அப்படி ஒரு சுகமான பயணம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஆம்பூர் வந்து சேர்ந்த அன்றே இவர் கிடங்குக்குப் போய்விட்டார். சாயங்காலம் தெருமுனையிலிருந்து மூக்குக்கு வழக்கமான அறிவிப்பு வந்தது. பாப்பா தோலை இடுக்கிக்கொண்டு வாசற்படிவரை தவழ்ந்து போனாள். இவரோ அவளைத் தாண்டி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சொம்பை எடுத்தார். கப்பலில் அவள் தள்ளிவிட்டது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது போல, தூக்கவே தயங்கினார்.

நான் போய்ச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

"முதல்ல புள்ளையத் தூக்குங்க."

தூக்கினார். பாப்பா அவர் தோளில் மூக்கை வைத்தாள். இந்தத் தடவை தலையைத் தூக்கி முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள். கையிலிருந்த பாதித் தோல் நழுவிக் கீழே விழுந்தது. அதை அவள் தேடவில்லை.