இருபத்தாறில் ஏறிய இருபத்தேழரை

என் பழைய மவுண்டன் பைக்குக்கு இருபத்தாறு இன்ச் சக்கரம். அந்த அளவில் நல்ல டயர் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அதனால் இன்று இருபத்தேழரை இன்ச் சக்கரங்களை வாங்கிக்கொண்டு வில்லியனூர் சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் பார்த்ததுமே, "இதுல அது ஏறாதும்மா. புது சைக்கிளே வாங்கிடு" என்றார்.

"ஏறும்ணா. ரிம்மைப் புடிக்கிற பிரேக்கா இருந்தாத்தான் எட்டாது. இது டிஸ்க் பிரேக், சக்கரத்து நடுவுல புடிக்கும். ஃபோர்க்குல இடம் இருக்கு, வூட்லயே அளந்துட்டேன்."

நம்பாமல்தான் மாட்டினார். ஏறியது. எங்கும் உரசவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வரை போய்வந்தேன். ரோட்டுக் குழியெல்லாம் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"இப்ப இன்னா சொல்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே கடை வாசலில் ஸ்டாண்ட் போட்டேன்.

சைக்கிள் மெதுவாகச் சாய்ந்து, அவருடைய டீ கிளாஸையும் தள்ளிக்கொண்டு விழுந்தது. சக்கரம் உயர்ந்ததில் சைடு ஸ்டாண்ட் குட்டையாகிவிட்டது.

"ஓடுறதுக்கு எல்லாத்தையும் அளந்துட்ட. நிக்கிறதுக்கு அளக்கலியேம்மா" என்றார்.

இருக்கட்டும். ஏறும் என்றேன், ஏறியது. வில்லியனூரில் சைக்கிள் சாய்க்க நல்ல சுவர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.